போஸ்டருக்கு முன்னால் நிற்கப்போவது நீங்கள்தான்

ஆய்வு மாநாட்டுக் காலம் வந்தால் எங்கள் கடைக்கு உடனே தெரிந்துவிடும். கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் அண்ணாவும் நானும் நடத்தும் சின்ன அச்சுக்கடை. கலியாணப் பதாகை, கண்ணீர் அஞ்சலி, கோயில் திருவிழா நோட்டீஸ் என்று ஓடிக்கொண்டிருக்கும் வேலைக்கு நடுவே, தங்கள் ஆய்வை ஒரே பெரிய தாளில் சுருக்கிக் காட்டும் போஸ்டரை அச்சடிக்கப் பல்கலைக்கழகப் பிள்ளைகள் பென்ட்றைவோடு வரத் தொடங்குவார்கள். நான் விவசாயம் படித்தவள். படிப்பு முடிந்த பிறகு கிணற்று நீர் ஆய்வொன்றில் உதவியாளராகக் கொஞ்சக் காலம் வேலை செய்தேன். அதனால் போஸ்டர் கோப்பு கைக்கு வந்தால் அளவையும் நிறத்தையும் மட்டும் பார்த்து என்னால் அச்சுக்கு அனுப்ப முடிவதில்லை. வாசித்துவிடுவேன். "காசு தந்து கேட்கிறதை அடித்துக் குடு, உனக்கேன் மற்றது" என்று அண்ணா சொல்லுவார். கடைக்காரராக அவர் சொல்வது நியாயம்தான். ஆனாலும் வாசிக்காமல் விட மனம் வரவில்லை.

கடந்த சில ஆண்டுகளாக வரும் கோப்புகளில் செயற்கை நுண்ணறிவு தொடாத போஸ்டரைக் காண்பது அரிது. தலைப்பு சாட்ஜிபிடி தந்ததாக இருக்கும், சுருக்கம் ஜெமினி வெட்டியதாக இருக்கும், படம் ஏதோ ஒரு கருவி வரைந்ததாக இருக்கும், வடிவமைப்பு கன்வாவில் இருந்து வந்திருக்கும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. இங்கே பல பிள்ளைகள் முகாமிலும் தகரக் கொட்டகையிலும் தொடங்கிய படிப்பை ஆங்கில ஆசிரியர் இல்லாத பள்ளிக்கூடங்களில் தொடர்ந்து, அங்கிருந்து பல்கலைக்கழகம் போனவர்கள். ஆய்வை நன்றாகச் செய்துவிட்டு, அதை ஆங்கிலத்தில் 250 சொல்லுக்குள் எழுத முடியாமல் இரவிரவாக உட்கார்ந்து அழுதவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு இந்தக் கருவிகள் பெரிய ஆறுதல். கொழும்பில் ஆங்கிலத்தில் படித்த பிள்ளையின் போஸ்டருக்குப் பக்கத்தில் எங்கள் பிள்ளையின் போஸ்டரும் தலை நிமிர்ந்து தொங்குகிறது. அந்த மாற்றத்தை நான் மனதார விரும்புகிறேன்.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். போஸ்டர் என்பது எழுதியவர் பக்கத்தில் நின்று பதில் சொல்ல வேண்டிய ஆக்கம். கட்டுரையை அனுப்பிவிட்டு வீட்டில் இருக்கலாம், போஸ்டரில் அது நடக்காது. ஒருவர் வந்து விரலை வைத்து "இது என்ன?" என்பார். அந்த இடத்தில் வாய் திறந்து பதில் சொல்ல முடியாத எழுத்தோ எண்ணோ படமோ அந்தத் தாளில் இருக்கக் கூடாது. கருவி எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்ற கேள்விக்கு நான் இந்த அளவுகோலைத்தான் வைக்கிறேன்.

முதலில் படங்கள். சிறு குளங்களில் வண்டல் படிவது பற்றிய போஸ்டர் ஒன்றை ஒரு தம்பி கொண்டுவந்தார். தலைப்புக்குக் கீழே பெரிதாக ஒரு குளம். பின்னணியில் நீல மலைகள், கரையில் அடுக்கடுக்கான படிவயல், கூம்புத் தொப்பி போட்ட கமக்காரர். வன்னியில் மலை எங்கே இருக்கிறது? மாங்குளத்தில் இருந்து பரந்தன் வரை போனால் கண்ணுக்குத் தெரிவது தட்டை நிலமும் காடும் வயலும்தான். "இது சும்மா அழகுக்குத்தானே அக்கா" என்றார் தம்பி. ஆய்வுப் போஸ்டரில் அழகுக்கு மட்டும் என்று ஒரு படம் இருக்க முடியாது என்றேன். பார்ப்பவர் அதை நீங்கள் ஆய்வு செய்த இடம் என்றுதான் எடுத்துக்கொள்வார். கீழே வண்டலின் ஆழம் பற்றி நீங்கள் எழுதியிருக்கும் எண்ணையும் அந்தக் கண்ணோடுதான் வாசிப்பார். படத்தில் தண்ணீர் திறந்துவிடும் துருசும் இல்லை, குளக்கட்டும் இல்லை, நிரம்பிய தண்ணீர் வான் பாயும் இடமும் இல்லை. குளம் தெரிந்த ஒருவர் அதற்கு மேல் அந்தப் போஸ்டரை ஏன் நம்ப வேண்டும்?

தம்பியின் கைப்பேசியில் அவரே எடுத்த படங்கள் இருந்தன. கோடையில் வற்றிய குளம், வெடித்த சேறு, அளவுகோல் குத்தி நிற்கும் கம்பு, ஓரத்தில் ஒரு மருதமரம். அதைத்தான் கடைசியில் போட்டோம். அச்சுக்காரியாக இன்னொரு விசயத்தையும் சொல்ல வேண்டும். பல கருவிகள் தரும் படம் 1024 பிக்சல் அகலமானது. அதைப் போஸ்டருக்கான ஏ0 என்ற பெரிய தாளில் 40 சென்ரிமீற்றர் அகலத்துக்கு இழுத்தால் ஓர் அங்குலத்துக்கு 65 பிக்சல்தான் கிடைக்கும். கிட்ட நின்று பார்த்தால் மங்கலாக, திட்டுத் திட்டாகத் தெரியும். சாதாரணக் கைப்பேசியில் எடுத்த 4000 பிக்சல் அகலப் படத்தை அதே இடத்தில் வைத்தால் அங்குலத்துக்கு 250க்கு மேல் வரும். கைப்பேசிப் படம் உண்மையானது, அச்சிலும் அதுதான் துலக்கமாக விழும்.

வரைபடங்களில் இந்த ஆபத்து இன்னும் கூட. வெள்ளம் பற்றிய போஸ்டர் ஒன்றில் கருவி வரைந்த "கிளிநொச்சி மாவட்டம்" இருந்தது. பார்க்க மிகவும் நேர்த்தி. ஆனால் கனகராயன் ஆறு மேற்கே திரும்பி மன்னார்க் கடலில் விழுந்துகொண்டிருந்தது. இடப்பெயர்களின் தமிழ் எழுத்துகள் எந்த மொழியிலும் இல்லாத சுழிகளாக இருந்தன. அந்த ஆறு வடக்கே ஓடி இரணைமடுவை நிரப்பிவிட்டுச் சுண்டிக்குளம் கடல்நீரேரிப் பக்கம் போகிறது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறந்தபோது எந்தப் பக்கம் வெள்ளம் போனது என்று வீட்டுச் சுவரில் கறை வைத்திருப்பவர்கள் வந்து பார்க்கக்கூடிய போஸ்டர் அது. வரைபடம் வேண்டுமென்றால் அதற்கென்றே கியூஜிஐஎஸ் என்ற மென்பொருள் இருக்கிறது, இலவசம். யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஓபன்ஸ்ட்ரீட்மப் வரைபடத் தரவை எடுத்து, எங்கிருந்து எடுத்தது என்று கீழே எழுதிப் போடலாம். அதில் எந்தப் பொத்தானை எங்கே அழுத்துவது என்று சாட்ஜிபிடியிடம் கேளுங்கள், பொறுமையாகச் சொல்லித் தரும். வரைவது மட்டும் உண்மையான தரவில் இருந்து வரட்டும்.

உலகத்துக்கே தெரிந்த ஒரு சம்பவம் இருக்கிறது. 2024 பெப்ரவரியில் ஃபிரொன்டியர்ஸ் பதிப்பகத்தின் உயிரணு உயிரியல் சஞ்சிகை ஒன்றில் ஒரு கட்டுரை வந்தது. அதில் மிட்ஜேர்னி என்ற ஏஐ படக் கருவி வரைந்த எலியின் உடற்கூற்றுப் படம். உறுப்புகள் உடம்புக்குப் பொருந்தாத அளவில் இருந்தன, குறியிட்ட சொற்கள் அர்த்தமில்லாத எழுத்துக்கூட்டமாக இருந்தன. சில நாட்களிலேயே கட்டுரையை மீளப் பெற்றார்கள். இதில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது, மிட்ஜேர்னி பயன்படுத்தியதை ஆசிரியர்கள் கட்டுரையிலேயே மறைக்காமல் சொல்லியிருந்ததுதான். அவர்கள் சொன்னதால் படம் சரியாகிவிடவில்லை. "ஏஐ பாவித்தேன் என்று கீழே எழுதிவிட்டேன், பிறகென்ன" என்று என்னிடம் கேட்கும் பிள்ளைகளுக்கு இதைத்தான் காட்டுகிறேன். சொல்வது ஒரு கடமை. சரி பார்ப்பது அதற்கு முன்னால் வரும் கடமை. ஒன்றைச் செய்ததால் மற்றது தீர்ந்துவிடாது.

சரி, இனி எழுத்துக்கு வருவோம். இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே பிழை கண்ணில் படாது.

நீண்ட ஆய்வறிக்கையைச் சுருக்கும் வேலையைக் கருவி நன்றாகத்தான் செய்கிறது. ஆனால் சுருக்கும்போது அது முதலில் தூக்கி வீசுவது தயக்கச் சொற்களை. "தொடர்பு காணப்பட்டது" என்பது "காரணமாகிறது" ஆகிவிடும். "ஆய்வு செய்த கிராம அலுவலர் பிரிவுகளில்" என்பது "வன்னி விவசாயிகளிடையே" ஆகிவிடும். "இந்தச் சிறுபோகத்தில்" என்பது காணாமலே போய்விடும். வாக்கியம் முன்னையதைவிட மிடுக்காக இருக்கும், வாசிக்கச் சுகமாக இருக்கும், ஆனால் அது உங்கள் ஆய்வு சொன்னதாக இருக்காது.

வவுனியாப் பக்கத்துக் கிணறுகளும் சிறுநீரக நோயும் பற்றிய ஒரு போஸ்டரில் இதை நேராகக் கண்டேன். இந்த நோயின் பெயரிலேயே "காரணம் அறியப்படாத" என்று இருக்கிறது. நீரின் கடினத்தன்மையா, புளோரைட்டா, விவசாய இரசாயனமா, வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வதா, இவை பல சேர்ந்தா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். அதைக் கொண்டுவந்த தங்கச்சியின் ஆய்வேட்டில் எல்லாம் கவனமாக எழுதப்பட்டிருந்தது. போஸ்டரில் மட்டும் "கடின நீர் சிறுநீரக நோயை உண்டாக்குகிறது" என்று பெரிய எழுத்தில். யார் எழுதியது என்றால், சுருக்கித் தந்த கருவி. அதை ஒரு தாய் வந்து வாசிக்கிறார் என்று வையுங்கள். அவருடைய வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் கேத்தலில் வெள்ளையாகப் படிகிறது, புருசன் டயாலிசிஸ் செய்துகொண்டிருக்கிறார். இத்தனை காலம் நான் வார்த்துக் கொடுத்த தண்ணீர்தான் அவரைப் படுக்கையில் போட்டது என்று அந்த அம்மா வீட்டுக்குப் போவார். ஆய்வு அப்படிச் சொல்லவே இல்லை. ஒரு வினைச்சொல் மாறியதற்கு இவ்வளவு பெரிய விலை.

இப்போதைய போஸ்டர் வடிவம் இந்த ஆபத்தைக் கூட்டுகிறது. 2019 இல் மைக் மொரிசன் என்ற உளவியல் ஆய்வு மாணவர், நெருக்கி எழுதிய போஸ்டர்களை யாரும் வாசிப்பதில்லை என்று சொல்லி, முக்கியக் கண்டுபிடிப்பை ஒரே வாக்கியமாக நடுவில் பெரிதாகப் போடும் வடிவத்தை முன்வைத்தார். உலகம் முழுக்கப் பரவிவிட்டது, எங்கள் பிள்ளைகளும் செய்கிறார்கள். நல்ல யோசனைதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்த ஒற்றை வாக்கியத்தைக் கருவியிடம் எழுதக் கொடுத்தால், போஸ்டரின் மிகப் பெரிய எழுத்து உங்கள் கையில் இல்லாமல் போகிறது. அந்த வாக்கியத்தை மட்டும் நீங்களே எழுதுங்கள். முதலில் தமிழில் எழுதுங்கள், பிறகு ஆங்கிலத்துக்குக் கருவியின் உதவியைக் கேளுங்கள், பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்து உங்கள் மேற்பார்வையாளரிடம் காட்டுங்கள்.

எண்களிலும் இப்படி நழுவுவது உண்டு. குடிநீரில் புளோரைட்டின் எல்லை எவ்வளவு என்று கருவியிடம் கேட்டால், லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் என்று பதில் வரும். பிழையில்லை, உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு அதுதான். ஆனால் இலங்கையின் குடிநீர்த் தரமான எஸ்எல்எஸ் 614 இல் அது 1.0. வெப்பமான இடத்தில் மனிதர் கூடுதலாகத் தண்ணீர் குடிக்கிறார்கள், வெயிலில் கமம் செய்பவர் இன்னும் கூட. 1.2 உள்ள கிணறு ஓர் அளவின்படி குடிக்கலாம், மற்ற அளவின்படி குடிக்கக் கூடாது. போஸ்டரில் அந்தச் சிவப்புக் கோட்டை எங்கே போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து, எத்தனை வீட்டுக் கிணறு "பாதுகாப்பானது" என்ற எண்ணே மாறும். எந்தத் தரத்தை எடுத்தீர்கள், ஏன் எடுத்தீர்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். "சாட்ஜிபிடி சொன்னது" என்பது அதற்குப் பதில் ஆகாது.

வரைகோட்டுப் படங்களுக்கு ஒரு நல்ல வழி உண்டு. அட்டவணையைக் கொடுத்து "எனக்கு ஒரு படம் வரைந்து தா" என்று படம் உருவாக்கும் கருவியிடம் கேட்காதீர்கள். தூண்களின் உயரம் எண்ணோடு ஒத்துவராது, ஒத்துவந்தாலும் நீங்கள் அதைச் சரிபார்க்க வழியில்லை. புள்ளிவிபர வேலைக்கான ஆர் என்ற கணினி மொழியில் நிரல் எழுதித் தா என்று கேளுங்கள். அட்டவணையின் தலைப்புப் பெயர்களை மட்டும் சொல்லுங்கள், தரவைக் கொடுக்கத் தேவையில்லை. வரும் நிரலை உங்கள் கணினியில், உங்கள் தரவில், நீங்களே ஓட்டுங்கள். எந்த வரி என்ன செய்கிறது என்று திருப்பிக் கேளுங்கள். படத்தின் அச்சுக்கோடு பூச்சியத்தில் தொடங்குகிறதா, பிழைக்கோடு நியம விலகலா நியம வழுவா என்று யாராவது கேட்டால் நிரலைக் காட்டிச் சொல்லலாம். இப்படிப் பயன்படுத்தும்போது கருவி உண்மையில் ஓர் ஆசிரியராகவே ஆகிவிடுகிறது. புள்ளிவிபரவியலுக்குப் பயந்து நடுங்கிய பிள்ளைகள் இப்படிக் கேட்டுக் கேட்டுத் தேறியதைப் பார்த்திருக்கிறேன்.

எண்கள் பற்றி இந்த மண்ணில் இருந்துகொண்டு லேசாகப் பேச என்னால் முடியாது. 2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை, கற்றுக்கொண்ட பாடங்களும் நல்லிணக்கமும் ஆணைக்குழுவுக்கு முன்னால் ஓர் எண்ணை வைத்தார். 1,46,679. வன்னியில் 2008 ஒக்டோபரில் இருந்த மக்கள் தொகையாகக் கச்சேரிகள் கணக்கிட்டது 4,29,059. யுத்த முடிவில் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்களாகச் சொல்லப்பட்டது 2,82,380. ஒன்றில் இருந்து மற்றதைக் கழித்து, மிச்சப் பேர் எங்கே என்று கேட்டார். ஏற்றவர்களும் உண்டு, மறுத்தவர்களும் உண்டு. ஆனால் அந்த இரண்டு எண்ணும் எங்கிருந்து வந்தன என்று யாரும் பார்க்கலாம், யாரும் கழித்துப் பார்க்கலாம். இத்தனை ஆண்டுக்குப் பிறகும் அந்தக் கேள்வி நிற்பதற்கு அது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். உறவுகளை எண்ணாக வாசித்தவர்கள் இருக்கும் ஊரில் நாம் போஸ்டர் போடுகிறோம். எங்கிருந்து வந்தது என்று காட்ட முடியாத எண்ணை, அது கிணற்றைப் பற்றியதானாலும் கச்சானைப் பற்றியதானாலும், இந்த மக்களைப் பற்றிய எண்ணாக எழுத நமக்கு உரிமையில்லை.

மேற்கோள்கள் பகுதி போஸ்டரின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும், யாரும் பார்க்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் கருவி தந்ததை அப்படியே ஒட்டுகிறார்கள். ஆசிரியர் பெயர் உண்மையாக இருக்கும், சஞ்சிகை உண்மையாக இருக்கும், ஆண்டும் பொருந்தும், அப்படி ஒரு கட்டுரை மட்டும் இருக்காது. கட்டுரைக்கு உரிய அடையாள இலக்கமான டிஓஐயை அதன் தளத்தில் போட்டால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். கட்டுரையைத் திறந்து சுருக்கத்தையாவது வாசியுங்கள், நீங்கள் சொன்னதை அது சொல்கிறதா என்று பாருங்கள். மீளப் பெறப்பட்ட கட்டுரையா என்பதையும் பாருங்கள். மேற்கோள்களைச் சேர்க்கும் சொட்டெரோ மென்பொருளில் போட்டு வைத்தால் அப்படிப்பட்டவற்றை அதுவே சிவப்பில் காட்டும்.

இனி எனக்கு மிகவும் கவலை தரும் விசயம். படத்தையும் எழுத்தையும் பிறகு திருத்தலாம், ஒருமுறை கைவிட்டுப் போன பிறர் விபரத்தைத் திரும்பப் பெற முடியாது.

நேர்காணல் தாள்களை அப்படியே தட்டச்சு செய்து, கமக்காரர் பெயர், கைப்பேசி இலக்கம், அடையாள அட்டை இலக்கம், கிணற்றின் ஜிபிஎஸ் புள்ளி, வீட்டில் யாருக்கு என்ன நோய் என்ற எல்லாவற்றோடும் "இதை ஒழுங்குபடுத்தித் தா" என்று இலவசக் கணக்கில் ஏற்றுகிறார்கள். பல கருவிகளில் நாம் இடுவதைக் கருவியின் அடுத்த பதிப்புகளைப் பயிற்றப் பயன்படுத்தும் அனுமதி தொடக்கத்திலேயே திறந்துதான் இருக்கும். அமைப்புகளுக்குள் போய் அணைக்க வேண்டும். அணைத்தாலும் அந்த விபரம் நாட்டைவிட்டு வெளியே, நமக்குத் தெரியாத ஒரு கணினிக்குப் போய்விட்டது. இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, உடல்நலத் தரவு அதில் தனிக் கவனத்துக்கு உரியது. சட்டத்தை விடுங்கள். அந்தத் திண்ணையில் உட்கார்ந்து பிளேன்ரீ குடித்து, "இந்த விபரம் வெளியில் போகாது அம்மா" என்று நாம் சொன்ன வாக்கு ஒன்று இருக்கிறது.

இந்தச் சனம் பெயர் பதிந்து பதிந்து களைத்த சனம். முகாமில் பதிந்தார்கள், மீள்குடியேற்றத்தில் பதிந்தார்கள், வீட்டுத்திட்டத்துக்குப் பதிந்தார்கள், காணாமல் போனவர்களைத் தேடிப் பதிந்தார்கள். யார் கேட்டாலும் முதலில் ஒரு தயக்கம் வரும். அதையும் தாண்டி எங்கள் பிள்ளைகளுக்குப் பதில் சொல்கிறார்கள், "படிக்கிற பிள்ளை கேட்கிறது" என்பதற்காக. காணி விசயம் அதைவிட நுட்பமானது. உறுதி இடப்பெயர்வில் தொலைந்து, தகப்பன் காலத்தில் இருந்து செய்த வயலில் இப்போது எல்லைக்கல் நிற்க, வழக்கும் மனுவுமாக அலைபவர்கள் இங்கே எத்தனையோ பேர். அப்படி ஒருவரின் வயலைத் துல்லியமான புள்ளியாக வரைபடத்தில் போட்டு, "மாதிரி 14" என்று எழுதினால், அந்தப் புள்ளியைப் பார்க்கப்போவது மாநாட்டுக்கு வருபவர்கள் மட்டும் என்று எப்படிச் சொல்வது? பெயரை எடுத்துவிடுங்கள், இலக்கத்தை எடுத்துவிடுங்கள், புள்ளிக்குப் பதில் கிராம அலுவலர் பிரிவை நிறமிட்டுக் காட்டுங்கள். இதையெல்லாம் கருவியிடம் போக முன்னர் உங்கள் கணினியிலேயே செய்யுங்கள். முகம் தெரியும் படம் என்றால் அவரிடம் கேட்டுப் போடுங்கள். "தெளிவாக்கித் தா" என்று அந்த முகத்தை ஏதோ ஒரு செயலியில் ஏற்றுவதற்கும் அவரிடம் கேட்கத்தான் வேண்டும்.

கருவியைப் பயன்படுத்தியதை எப்படி எழுதுவது என்று அடிக்கடி கேட்கிறார்கள். 2023 ஜனவரியில் நேச்சர் சஞ்சிகை, சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரியை ஆசிரியராக ஏற்க மாட்டோம் என்று அறிவித்தது. அடுத்த மாதம் பதிப்பு நெறிமுறைக் குழுவான கோப் அதையே சொன்னது, மே மாதம் மருத்துவச் சஞ்சிகை ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழுவும் சொன்னது. காரணம் எளிமையானது. எழுதியதற்குப் பொறுப்பேற்கக் கருவியால் முடியாது. ஆகவே பெயர் வரிசையில் அதைப் போடாதீர்கள். நன்றி சொல்லும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வரி போதும். "ஆங்கில எழுத்தைச் செம்மைப்படுத்தவும், படம் 2 க்கான ஆர் நிரலை எழுதவும் சாட்ஜிபிடி பயன்படுத்தப்பட்டது, எல்லாவற்றையும் ஆசிரியர்கள் சரிபார்த்தனர், நேர்காணல் தரவு எந்தக் கருவிக்கும் கொடுக்கப்படவில்லை." இப்படி, எதற்கு என்று குறிப்பாக எழுதுங்கள். "ஏஐ உதவியுடன்" என்று மொட்டையாக எழுதினால் வாசிப்பவர் முழுப் போஸ்டரையும் சந்தேகிப்பார். மாநாட்டுக்காரர் விதி ஏதும் வைத்திருக்கிறார்களா என்று தொடங்குவதற்கு முன்னரே கேட்டுவிடுங்கள். சில இடங்களில் ஏஐ படங்களே கூடாது என்று இருக்கும்.

ஒரு மாநாட்டுக்கு நானும் போயிருந்தேன். மிக அழகான ஒரு போஸ்டர், சொற்கள் எல்லாம் பளிங்கு போல. மடக்கை அளவுத்திட்டத்தை ஏன் எடுத்தீர்கள் என்று வந்திருந்த ஒரு பேராசிரியர் கேட்டார். கேலியாக இல்லை, அறிய விரும்பித்தான் கேட்டார். அந்தப் பிள்ளையால் பேச முடியவில்லை. அந்த வரி அவருடையது இல்லை என்று நின்ற எல்லோருக்கும் விளங்கிவிட்டது. வயலில் வெயிலில் நின்று மண் மாதிரி எடுத்த பிள்ளை அவர், உழைப்பு உண்மையானது. உழைப்பெல்லாம் அந்த ஒரு நொடியில் பொய் போலத் தெரிந்தது எனக்குத் தாங்கவில்லை. இரண்டு போஸ்டர் தள்ளி இன்னொரு தங்கச்சி நின்றார். வடிவமைப்பு சுமார்தான், படைப்புழு சோளத்தைத் தின்ற படத்தைக் கைப்பேசியில் எடுத்துப் போட்டிருந்தார். வட்டக்கச்சியில் இருந்து வந்த ஒரு ஐயா, "பிள்ளை, இது 2018 இல் வந்த அந்தப் புழுதானே, என்ர தோட்டத்தில் காலமையில்தான் கூடக் கண்டனான்" என்று தொடங்க, இருவரும் மதியச் சாப்பாட்டையும் மறந்து கதைத்துக்கொண்டிருந்தார்கள். தங்கச்சி கொப்பியை எடுத்து அவர் சொன்னதை எழுதிக்கொண்டார். அவரும் ஆங்கிலத்தைத் திருத்தக் கருவியைப் பயன்படுத்தியவர்தான், கீழே எழுதியும் இருந்தார்.

மேற்பார்வையாளர்களாக இருக்கும் அண்ணாமார், அக்காமாருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் கருவியைப் பயன்படுத்துகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். திட்டினால் மறைப்பார்கள், மறைத்தால் சரிபார்க்கவும் மாட்டார்கள். எதற்குப் பயன்படுத்தினாய் என்று நேராகக் கேளுங்கள், எந்த எண் எந்தத் தாளில் இருந்து வந்தது என்று அவர்களை உட்கார்த்திக் காட்டச் சொல்லுங்கள். மாநாட்டு அறிவித்தலில் தாளின் அளவையும் எழுத்தின் அளவையும் போடும் இடத்தில் இது பற்றியும் நாலு வரி சேருங்கள்.

எங்கள் கடைக்கு வருபவர்களுக்கு: கடைசி இரவில் வராமல் முன்னதாக வாருங்கள். பென்ட்றைவோடு மூலத் தரவுத் தாளையும் கைப்பேசிப் படங்களைச் சுருக்காமலும் கொண்டுவாருங்கள். படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தரம் குறைந்துவிடும். ஏ4 தாளில் ஒரு பிரதி அடித்துத் தருகிறேன், அதற்குக் காசு வேண்டாம். அதைப் பேனாவோடு வாசியுங்கள். "இது என்ன?" என்று நான் விரல் வைக்கும் இடத்தில் நீங்கள் பதில் சொல்லுங்கள், சொல்ல முடியாததை அங்கேயே திருத்துவோம். பெரிய தாளைப் பிறகு ஓட்டலாம்.